முதலில் நீ எழுது

இணையவழிக் கற்பித்தல் என்றதும் எங்கள் பகுதியில் பலருக்கும் நினைவுக்கு வருவது சூம்தான். கொரோனாக் காலத்தில் நானும் அதில் பாடம் நடத்தினேன். "சேர், கேட்குதில்ல", "சேர், திரும்பச் சொல்லுங்க" என்ற குரல்களோடு பாதி நேரம் போகும். மீதி நேரம் யாருடைய முகமும் தெரியாத கறுப்புப் பெட்டிகளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பேன். உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கும் நான் அந்த வருடங்களிலிருந்து எடுத்து இன்றும் கையாள்வது எழுத்தில் நடக்கும் கலந்துரையாடலைத்தான். ஒரு கேள்வி போடுவேன். அதன் கீழே பிள்ளைகள் பதில் எழுதுவார்கள். அந்தப் பதில்களுக்கு மற்றப் பிள்ளைகள் பதில் எழுதுவார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது மிகப் பழைய விடயம். 1973இலேயே அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற கணினிக் கற்பித்தல் முறைமைக்குள் இப்படியொரு எழுத்துப் பலகை இயங்கியிருக்கிறது. வாய் திறக்காத பிள்ளையைப் பேச வைக்க இதைவிட நல்ல வழியை என் ஆசிரிய வாழ்க்கையில் நான் காணவில்லை.

எங்கள் ஊர் அமைப்பைச் சொல்லாமல் இதன் அருமை விளங்காது. காரைதீவு, விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர். வடக்கே மாளிகைக்காடு, சாய்ந்தமருது, அப்படியே கல்முனை. தெற்கே நிந்தவூர். மேற்கே வயல் கடந்தால் சம்மாந்துறை. தமிழ் ஊர் எங்கே முடிந்தது, முஸ்லிம் ஊர் எங்கே தொடங்கியது என்று பஸ்ஸில் போகிற வெளியூரார் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் பாடசாலைகள் வேறு வேறு. ஒரே மொழியில், ஒரே பாடத்திட்டத்தை, ஒரே வினாத்தாளுக்காகப் படிக்கும் பிள்ளைகள் பதின்மூன்று வருடப் படிப்பில் ஒரு நாளாவது ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து, அதே வாரம் சாய்ந்தமருதில் குண்டுகள் வெடித்த பிறகு, இருந்த போக்குவரத்தும் குறைந்தது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்கிற பார்வையே கொஞ்சம் மாறிப்போனதை நான் கண்டிருக்கிறேன்.

2020 மார்ச் 12ஆம் திகதி பாடசாலைகள் மூடப்படும் அறிவிப்பு வந்தது. நாடு முழுவதும் ஆசிரியர்கள் செய்ததைத்தான் நாங்களும் செய்தோம். வட்ஸ்அப் குழு அமைத்தோம். நோட்ஸைப் படம் பிடித்துப் போட்டோம். பி.டி.எஃப். கோப்புகளை அடுக்கினோம். பிள்ளைகள் "நன்றி சேர்" என்றார்கள், கும்பிடும் கைகளை அனுப்பினார்கள். எத்தனை குழு, குழுவில் எத்தனை பிள்ளை என்று கேட்டு வந்த படிவங்களை நிரப்பினோம். யார் என்ன விளங்கினார்கள் என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை.

நிந்தவூரிலும் சாய்ந்தமருதிலும் எனக்குப் புவியியல் ஆசிரிய நண்பர்கள் இருக்கிறார்கள். மூன்று பாடசாலைப் பிள்ளைகளையும் ஒன்றாக்கி ஒரே கலந்துரையாடல் வைத்தால் என்ன என்று பேசினோம். வட்ஸ்அப்பில் அது சரிவரவில்லை. ஒரு மாணவியின் வாப்பா வீட்டுக்கே வந்து, கேற்றுக்கு வெளியே நின்றபடி சொன்னார்: "சேர், உங்களில எனக்கு நம்பிக்கை இருக்கு. ஆனா குழுவில போட்டா புள்ளட நம்பர் எல்லாருக்கும் தெரியுதே." நியாயமான கவலை. வட்ஸ்அப் குழுவில் உறுப்பினர் எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரியும். பொம்பிளைப் பிள்ளைகள் இருக்கும் எந்த வீட்டிலும், தமிழ் வீடோ முஸ்லிம் வீடோ, அந்தக் கேள்வி எழத்தான் செய்யும். கணினித் துறையில் வேலை செய்யும் பழைய மாணவர் ஒருவர், "மூடில் போடுவோம் சேர், அதில பேர் மட்டும்தான் தெரியும்" என்றார். அப்படித்தான் 2020 கடைசியில், அக்கரைப்பற்று முடக்கப்பட்டுக் கிடந்த நாட்களில், எங்கள் தளம் தொடங்கியது.

மூடில் என்ற மென்பொருளை உலகம் முழுவதும் பல்கலைக்கழகங்கள் பயன்படுத்துகின்றன. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் அதுதான். அதை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமஸ் அவுஸ்திரேலியப் பாலைவனப் பகுதியில் வளர்ந்தவர். அருகில் பாடசாலை இல்லாத பிள்ளைகளுக்கு வானொலி வழியே பாடம் நடத்தும் 'ஸ்கூல் ஒஃப் தி எயர்' மூலம் படித்தவர். 2002 ஓகஸ்டில் மூடிலின் முதல் முழுப் பதிப்பை இலவசமாக வெளியிட்டார். தூரத்தில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு என்ன தேவை என்று அனுபவித்துத் தெரிந்தவரின் கருவி அது என்பதை உள்ளே நுழைந்து வேலை செய்யும்போது உணரலாம்.

அதில் பலவகைக் கலந்துரையாடல் மன்றங்கள் உண்டு. எனக்குப் பிடித்தது வினா விடை மன்றம். அதில் ஒரு விதி இருக்கிறது. நீ உன் பதிலை எழுதிப் போடாதவரை மற்றவர்களின் பதில்கள் உனக்குத் தெரியாது. எழுதிய பின்னும் உடனே திறக்காது. திருத்துவதற்கான அரை மணி நேரம் கழிந்த பிறகுதான் மற்றப் பதில்கள் தோன்றும். கூகுள் கிளாஸ்ரூமிலும் கேள்வி போடும் வசதியில் கிட்டத்தட்ட இதே ஏற்பாடு உண்டு. இந்த விதி இல்லாத வட்ஸ்அப் குழுவில் என்ன நடக்கும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று முதலில் பதில் போடும். பிறகு வருவதெல்லாம் அதன் பிரதிகள், அல்லது பெருவிரல்கள்.

எடுத்தவுடன் பாடத்துக்குள் போகக்கூடாது என்பதைப் பிரித்தானியரான கில்லி சாமன் 2000இல் வெளியிட்ட நூல் எனக்குக் கற்றுத் தந்தது. உள்ளே வரப் பழகுவது முதல் படி, ஒருவரையொருவர் அறிவது இரண்டாம் படி, அறிவைப் பரிமாறுவதும் கட்டியெழுப்புவதும் அதன் பிறகு என்கிறார் அவர். முதல் வாரம் நான் கேட்டது இவ்வளவுதான்: உங்கள் வீட்டு மூத்தவர்கள் காற்றுகளை என்ன பெயரால் சொல்கிறார்கள், எந்த மாதம் எது வீசும்? வாடை, சோழகம், கச்சான், கொண்டல் என்று பெயர்கள் வந்து விழுந்தன. காரைதீவு அப்பப்பாவும் சாய்ந்தமருது மூத்தவாப்பாவும் சொன்ன பெயர்கள் ஒன்றுதான். கச்சான் காலத்தில் வயல் வேலைக்காரர் படும் பாட்டைச் சம்மாந்துறைப் பிள்ளை எழுதினார். வாடையில் வள்ளம் தள்ள முடியாத நாட்களைக் கடற்கரைப் பிள்ளைகள் எழுதினார்கள். "எங்கட உம்மம்மாவும் இதேதான் சொல்றவ" என்று ஒருவர் இன்னொருவருக்கு எழுதியதை வாசித்தபோது இது நிலைத்துவிடும் என்று எனக்குப் பட்டது.

இரண்டாவது பெரிய கேள்வியை விரிவாகச் சொல்ல வேண்டும். கூகுள் எர்த்திலிருந்து ஒலுவில் கரையோரத்தின் இரண்டு படங்களை எடுத்துப் போட்டேன். ஒன்று துறைமுகம் கட்டுவதற்கு முந்தியது, மற்றது கட்டியதற்குப் பிந்தியது. டென்மார்க்கின் கடனுதவியில் கட்டப்பட்டு 2013 செப்டம்பரில் திறந்த துறைமுகம் அது. படங்களின் கீழே ஒரு வரி: என்ன மாறியிருக்கிறது, ஏன் மாறியது, அடுத்து எங்கே மாறும்?

முதலில் வந்தவை "கடலரிப்பு என்பது" என்று தொடங்கும் பாடப்புத்தகப் பதில்கள். மூன்றாவதோ நான்காவதோ சாய்ந்தமருதுப் பையன் ஒருவனுடையது. வகுப்பில் பின்வாங்கில் இருப்பவன் என்று அவனுடைய ஆசிரியர் சொல்லியிருந்தார். அவன் எழுதினான்: "துறைமுகத்துக்குத் தெற்கால மண் கூடியிருக்கு. வடக்கால கரை குறைஞ்சிருக்கு. வாப்பா சொல்றாரு இந்தக் கடல்ல மண் தெற்கால இருந்து வடக்கால போகுமாம். கல்லணை அத மறிச்சிட்டாம்."

அவனுக்குக் காரைதீவு மாணவி ஒருத்தி கேட்டாள்: "வாடைக் காலத்தில அலை வடகிழக்கில இருந்து வருதே? அப்ப மண் தெற்குக்குத்தானே போகணும்?" நல்ல கேள்வி. பாடப்புத்தகம் கைகொடுக்காத கேள்வியும்கூட. எனக்குக் கை துறுதுறுத்தது. பதில் எழுதாமல் இருந்தேன். அந்த இழையில் ஒரு நாள் முழுவதும் அசைவில்லை. மறுநாள் இரவு பையன் ஒரு குரல் பதிவோடு வந்தான். குரல் அவனுடையதில்லை, வாப்பாவுடையது: "வாடையில கொஞ்சம் திரும்பும் மகன். ஆனா வாடை கொஞ்ச மாசம்தானே. மத்த மாசமெல்லாம் தெற்கத்தி அலைதான். கூட்டிக் கழிச்சா வடக்காலதான் போகும்." நிகர நகர்வு என்று நான் கரும்பலகையில் எழுதிப் பாடமாக்கச் சொல்லும் கருத்தை, கடலுக்குப் போகும் ஒருவர் கூட்டிக் கழித்துச் சொல்லிவிட்டார். அதற்குக் கீழே வந்த பதில்களின் தரமே மாறிவிட்டது. நிந்தவூர் மாணவி, கரைவலை இழுக்க இடமில்லாமல் போனதையும் விழுந்த தென்னைகளையும் எழுதினாள். மாளிகைக்காட்டுப் பிள்ளை, "எங்கட மையவாடிப் பக்கமும் கடல் வருது, இதுவும் அதுதானா?" என்று கேட்டது. கடலை விட்டுத் தூரத்தில் வளர்ந்த சம்மாந்துறைப் பிள்ளை எழுதிய ஒரு வரியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன்: "துறைமுக வாயில அடைக்கிற மண்ண அள்ளி வடக்குப் பக்கம் போட்டா என்ன?"

அதன் பிறகுதான் நான் உள்ளே போனேன். இரண்டு செய்திகளை மட்டும் கொடுத்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பின் அதன் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரீனா அகன்றது, வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிபட்டது என்பது ஒன்று. அவுஸ்திரேலியாவின் டுவீட் ஆற்று முகத்தில் தெற்கே சேரும் மணலைக் குழாய் வழியே வடக்கே அனுப்பும் வேலை 2001 முதல் நடக்கிறது என்பது மற்றது. அந்தச் சம்மாந்துறைப் பிள்ளை தன் யோசனை உலகத்தில் எங்கோ உண்மையாகவே நடக்கிறது என்று அறிந்த அன்று, அதுவரை எழுதியதெல்லாவற்றையும் விட நீளமான பதிலை எழுதியது.

ஆசிரியர் பேசாமல் இருப்பதுதான் இந்த வேலையில் மிகக் கடினமானது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு செக்கன் அளவுதான் என்று கண்டார். அதை மூன்று செக்கனாக்கினாலே பதில்கள் நீளமாயின, அதுவரை பேசாத பிள்ளைகள் பேசினார்கள். எங்கள் வகுப்புகளில் நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் பாடத்திட்டத்தை முடிக்க ஓடும் ஆசிரியருக்கு மூன்று செக்கனும் பெரிய விலைதான். எழுத்துக் கலந்துரையாடலில் ஒரு நாள் காத்திருக்கலாம். யாருக்கும் நட்டமில்லை. வாப்பா கடலிலிருந்து வரும்வரை ஒரு பிள்ளை பதிலைத் தள்ளிவைக்கலாம். யோசித்து எழுதி, அழித்து, மறுபடி எழுதலாம். பெட்டைகளும் பொடியன்களும் சேர்ந்திருக்கும் வகுப்பில் எழும்பி நின்று பேசக் கூசும் பிள்ளை, தன் முகத்துக்குப் பதிலாகப் போட்ட ரோசாப்பூப் படத்துக்குப் பின்னால் இருந்து தைரியமாக மறுத்துப் பேசலாம்.

நடைமுறைச் சிக்கல்கள் நிறைய. வீட்டில் ஒரு போன்தான் இருக்கும். அது வாப்பாவோடு கடைக்கோ, அண்ணனோடு வேலைக்கோ போய்விடும். அதனால் எதற்கும் மூன்று நாளுக்குக் குறையாத அவகாசம் வைத்தோம். 2021 நோன்பு மாதத்தில் பதில்கள் தராவீஹ் முடிந்த பிறகு, நள்ளிரவை ஒட்டி வரும். வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்தி நாட்களில் காரைதீவுப் பிள்ளைகள் எழுத மாட்டார்கள். இரண்டையும் நாட்காட்டியில் குறித்துக்கொண்டுதான் கேள்வி போடுவோம். பல்கலைக்கழக மாணவர்களுக்கு 2020இல் லேர்ன் வலையமைப்பின் ஊடாகக் கற்றல் தளங்களையும் சூமையும் டேட்டாச் செலவில்லாமல் பயன்படுத்த வழி செய்யப்பட்டது. எங்களுடையது சிறிய தனித்தளம், அந்தச் சலுகைக்குள் வராது. ஆனால் சூம் வகுப்பு ஒரு மணி நேரத்தில் விழுங்கும் டேட்டாவில் எழுத்தாக எத்தனையோ வாரம் ஓட்டலாம். ஏழைப் பிள்ளைக்கு எழுத்து மலிவு. இதை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லத் தவறுவதில்லை.

தமிழில் தட்டச்சு செய்வது அடுத்த தடை. வீட்டுக் கணினியில் பாமினி எழுத்துருவில் அடித்து ஒட்டினால் தளத்தில் ஆங்கில எழுத்துகள்தான் சிதறித் தெரியும். போனில் பலர் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதினார்கள். "எப்படியும் எழுதுங்க மகள், எழுதினால் போதும்" என்றுதான் சொன்னேன். யூனிகோட் விசைப்பலகையை ஒருவருக்கொருவர் காட்டிக்கொடுத்துச் சில மாதங்களில் பெரும்பாலோர் தமிழ் எழுத்துக்கு மாறிவிட்டார்கள். பரீட்சையில் கட்டுரை விடைகளைத் தமிழில் எழுத வேண்டிய பிள்ளைகளுக்கு இந்த எழுத்துப் பழக்கம் பெரிய உதவி.

ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பேரைத் தொகுப்பாளர்களாகப் போடுவோம், ஒருவர் தமிழ்ப் பாடசாலை, ஒருவர் முஸ்லிம் பாடசாலை. வாரக் கடைசியில் யார் என்ன சொன்னார், எதில் ஒத்துப்போனோம், எது தீராமல் நிற்கிறது என்று அவர்கள் ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். தொகுப்பாளர் ஆகிற பிள்ளை எல்லாருடைய பதிலையும் ஊன்றி வாசித்தே ஆக வேண்டும். தன்னோடு ஒத்துவராத கருத்தையும் அதன் சொந்தக்காரர் ஒப்புக்கொள்ளும் விதத்தில் எழுத வேண்டும். பெரியவர்களுக்கே வராத பழக்கம் அது.

2021 ஜூலை 12ஆம் திகதி ஆசிரியர், அதிபர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. நாங்களும் விலகினோம். ஒக்டோபர் வரை நான் எதுவும் எழுதவில்லை. தளத்தை மூடவும் இல்லை. பிள்ளைகளில் பாதிப்பேர் வராமல் போனார்கள். மீதிப்பேர் தாங்களே கடந்தகால வினாத்தாள்களிலிருந்து கேள்வி போட்டார்கள், தாங்களே தொகுப்பாளர்களை நியமித்தார்கள். அந்த மாதங்களில் ஓடிய நீளமான இழை சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் வகுத்த எல்லையைப் பற்றியது. 2005இல் கிழக்கிலும் வடக்கிலும் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள், தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர். பிறகு அது தளர்த்தப்பட்டது. கடற்தொழிலாளியைக் கடலை விட்டுத் தள்ளி வைத்தது சரியா, அந்த எல்லையை இறுக்கமாகக் கடைப்பிடித்திருந்தால் நல்லதா என்று பிள்ளைகள் வாதாடினார்கள். அலை வந்தபோது நடக்கப் பழகியும் பழகாத வயதில் இருந்தவர்கள் அவர்கள். ஒவ்வொரு பதிலுக்குள்ளும் ஒரு குடும்பம் இருந்தது. ஒருவரும் கடுஞ்சொல் எழுதவில்லை. நான் திரும்பி வந்து வாசித்தபோது அதில் சேர்க்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

அவர்களுடைய பரீட்சை தள்ளிப்போய் 2022 பெப்ரவரியில் நடந்தது. அடுத்த தொகுதிப் பிள்ளைகளுக்கு வேறு சோதனை. அந்த மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை போனது, பிறகு எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டன. கரண்ட் வரும் நேரம் ஊருக்கு ஊர் வேறு. ஒரே நேரத்தில் எல்லோரும் சேரும் எந்த வகுப்பும் அப்போது சாத்தியமில்லை. எழுத்து மட்டும் கிடந்தது, வந்தபோது வந்து வாசித்துப் போனார்கள்.

2022 நவம்பர் 30இல் சட்ஜிபிடி வெளிவந்த பிறகு நிலைமை மாறியது. மெல்ல மெல்லத் தளத்தில் வழுவழுப்பான தமிழ் வரத் தொடங்கியது. எந்தக் கடலையும் பார்க்காத தமிழ். சில ஆசிரியர்கள் இதைக் கண்டு கலந்துரையாடலையே நிறுத்திவிட்டார்கள். அது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. கேள்வியை இன்னும் வீட்டுக்கு அருகில் கொண்டுபோக வேண்டும். 'கடலரிப்பின் விளைவுகள் யாவை' என்று கேட்டால் இயந்திரம் பதில் சொல்லும். உங்கள் ஒழுங்கையிலிருந்து கடல் எத்தனை அடி, உங்கள் வயதில் உம்மாவுக்கு எத்தனை அடியாக இருந்தது, அந்த வித்தியாசத்தை எதைக் கொண்டு நம்புகிறீர்கள் என்று கேட்டால் பிள்ளை எழும்பி நடந்தே ஆக வேண்டும்.

2024 நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையிலுள்ள மாவடிப்பள்ளியில் வீதியை மேவிப் பாய்ந்த வெள்ளம் மத்ரசா மாணவர்கள் ஏறி வந்த உழவு இயந்திரத்தைப் புரட்டிவிட்டது. நிந்தவூரில் ஓதிவிட்டுச் சம்மாந்துறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைகளில் சிலர் இறந்துபோனார்கள். அந்த வாரம் நான் கேள்வி எதுவும் போடவில்லை. பிள்ளைகள் துஆக்களும் அஞ்சலிகளும் எழுதினார்கள். இறந்தவர்களைத் தெரிந்தவர்களும் எங்கள் தளத்தில் இருந்தார்கள். சில நாள் கழித்துக் காரைதீவு மாணவன் ஒருவன் தானாக ஓர் இழை தொடங்கினான்: "இந்த ரோட் ஒவ்வொரு மாரியிலும் ஏன் மூழ்குது?"

அதற்குப் பதில் தேடப்போய் அவர்கள் சேனாநாயக்க சமுத்திர நீர்த்தேக்கம் வரை போனார்கள், கல்லோயாப் படுகையின் வரைபடத்தை எடுத்தார்கள். மேற்கே பெய்யும் மழை சம்மாந்துறை வயல்களைக் கடந்து கடலுக்கு இறங்கும் வழிகளைக் குறித்தார்கள். முகத்துவாரங்களை மணல் மூடும்போது தண்ணீர் எங்கே நிற்கும் என்று கேட்ட பிள்ளை, பழைய ஒலுவில் இழையைத் தேடி எடுத்து அதன் இணைப்பையும் போட்டது. வீதியை உயர்த்த வேண்டும் என்றார்கள் சிலர். உயர்த்தினால் மேற்குப் பக்க வயல் மூழ்கும் என்று சம்மாந்துறைப் பிள்ளைகள் மறுத்தார்கள்.

அந்த இழையை நான் மூடவில்லை. புதிதாகச் சேரும் தரம் 12 பிள்ளைகளும் அதில் தங்கள் பதிலை எழுதிய பிறகுதான் முந்தியவர்கள் எழுதியதை வாசிக்கிறார்கள். கடைசியாக எழுதியிருப்பவர் சம்மாந்துறை மாணவி. அந்த வீதியின் கீழே மதகுகள் எத்தனை, எவற்றில் சல்வீனியா என்ற நீர்க்களை அடைத்திருக்கிறது என்று மாரிக்கு முன் போய்ப் பார்த்து எழுதும்படி காரைதீவுப் பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார்.